தனியார் இரத்தப் பரிசோதனை பேக்கேஜ்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எம்.எல்.ரி.யாக (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். ஓய்வு என்பது பேருக்குத்தான். காலையில் பாலத்தடியில் நடக்கப் போனாலும் சரி, கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் சரி, யாராவது ஒரு ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். இல்லாவிட்டால் போனில் வந்த விளம்பரத்தைக் காட்டி, “இந்தப் பேக்கேஜ் எடுக்கலாமா?” என்பார்கள். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களையும் சேர்த்துவிட்டேன்.

“ஃபுல் பொடி செக்கப் எண்டா உடம்பு முழுக்கப் பார்ப்பாங்களா?”

இல்லை. அது விற்பனைக்கு வைத்த பெயர். கையில் எடுக்கும் இரண்டு மூன்று குழாய் இரத்தத்திலும் ஒரு போத்தல் சலத்திலும் தெரியக்கூடியவை மட்டுமே தெரியும். சீனி, கொலஸ்ட்ரோல், கிட்னி, ஈரல், இரத்தச் சோகை ஆகியவற்றைப் பற்றி இரத்தம் நன்றாகவே பேசும். நெஞ்சுக் குழாயில் அடைப்பு இருக்கிறதா, வாயில் புண் புற்றாகிறதா, கண்ணுக்குள் சீனி வேலை காட்டுகிறதா என்பதெல்லாம் அதில் வராது. பிரஷர்கூட இரத்தப் பரிசோதனையில் வராது. கையில் பட்டி கட்டித்தான் அளக்க வேண்டும்.

“72 ரெஸ்ட் இருக்கிற பேக்கேஜ் 40 ரெஸ்ட் இருக்கிறதை விட நல்லம்தானே?”

எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். எஃப்.பி.சி. என்ற, இரத்தக் குழியங்களை எண்ணும் பரிசோதனை ஒன்றுதான், ஒரு குழாய் இரத்தம். ஆனால் மெஷின் பதினைந்து இருபது எண்களைத் துப்பும். சலப் பரிசோதனை இன்னொரு பத்துப் பன்னிரண்டு வரி. ஈரல் பரிசோதனை பத்து வரி, கொலஸ்ட்ரோல் ஏழு வரி. நாலு பரிசோதனையிலேயே ஐம்பதைத் தொட்டுவிடலாம். விளம்பரம் போடுபவர் வரிகளை எண்ணுகிறார். நீங்கள் பரிசோதனைகளை எண்ண வேண்டும்.

இன்னொரு சங்கதி. சில வரிகளை யாரும் அளப்பதே இல்லை. கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டில் வி.எல்.டி.எல். என்று ஒன்று வருமே, பல இடங்களில் அது டிரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பின் அளவை 5ஆல் வகுத்த எண். குளோபியுலின் என்பது மொத்தப் புரதத்தில் அல்பியுமினைக் கழித்தது. கூட்டல், கழித்தலுக்கும் ஒரு ரெஸ்ட் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

பேக்கேஜை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் கூட்டிப் பாருங்கள். பேக்கேஜை விடக் குறைவாக வருவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். கூடவாக வந்தால் பேக்கேஜையே எடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

“அப்ப என்னென்ன இருந்தாப் போதும்?”

35 வயதைத் தாண்டிய, குறிப்பிட்ட வருத்தம் ஒன்றும் இல்லாத ஆளுக்கு என் பட்டியல் சின்னது: வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல் முழுவிபரம், கிட்னிக்குக் கிரியேற்றினின், எஃப்.பி.சி., சலம். ஈரலுக்கு எஸ்.ஜி.பி.ரி. ஒன்று போதும். அதுவும் வயிறு தள்ளியிருந்தால், குடிப்பழக்கம் இருந்தால், அல்லது நீண்டகாலமாகக் குளிசை குடித்து வந்தால். வீட்டில் யாருக்காவது சீனி இருந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி.யைச் சேர்க்கலாம். இத்துடன் பிரஷரும் இடுப்புச் சுற்றளவும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஆண் என்றால் 90 சென்ரிமீற்றர், பெண் என்றால் 80 சென்ரிமீற்றர் வரைதான் இடம். தையல்காரரின் அளவுநாடா இருந்தால் போதும், காசு செலவில்லை.

கிரியேற்றினின் பேக்கேஜில் இல்லாவிட்டால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்னி வருத்தம் கடைசிவரை சத்தம் போடாது. காரணம் தெரியாத கிட்னி வருத்தம் அதிகம் கண்டது வடமத்திய மாகாணத்தில் என்றாலும், எங்கள் கிழக்கு மாகாணத்தில் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியப் பக்கமும் அதில் சேர்ந்ததுதான்.

“இதை அரசாங்கத்தில சும்மா எடுக்க ஏலாதா?”

ஏலும். ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரர் என்று சொல்லும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை 2011ஆம் ஆண்டிலிருந்து நடத்துகிறார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எடை, பிரஷர், சீனி பார்ப்பார்கள். இன்னும் பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அட்டவணையை வைத்துக் கணக்கிட்டும் சொல்வார்கள். அந்தக் கடைசிக் கணக்கு எத்தனையோ விலைகூடிய பேக்கேஜ்களில் இல்லை. எந்த நாளில் எங்கே நடக்கிறது என்று உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலோ கிட்டடி ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள்.

பெண்களுக்கு வெல் வுமன் கிளினிக் இருக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கான பரிசோதனை, மார்பகப் பரிசோதனை இரண்டும் இலவசம். கர்ப்பிணி என்றால் தனியார் பேக்கேஜே வேண்டாம். கிளினிக்கில் மிட்வைஃப் சொல்வதை எடுத்தால் சரி.

தனியாரிடம் போவதில் பிழையில்லை. வரிசையில் நிற்க நேரமில்லாத கடைக்காரர், லீவு கிடைக்காத ஆசிரியை, இவர்கள் எல்லாரும் ஒரு காலை நேரத்துக்குள் முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். நேரத்துக்குத்தான் அந்தக் காசு. அரசாங்க லேப்பில் சரியாக வராது என்று நினைத்துப் போவதென்றால், அங்கே இத்தனை வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

“எனக்கு 26 வயசு. ஒரு வருத்தமும் இல்ல. நானும் எடுக்கணுமா?”

பிரஷரைப் பாருங்கள், இடுப்பை அளவுங்கள். வீட்டில் சிறுவயதில் மாரடைப்போ சீனியோ வந்திருந்தால், அல்லது உடம்பு வைத்திருந்தால், சீனியும் கொலஸ்ட்ரோலும் ஒரு தடவை பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கி நடக்கலாம். கலியாணம் பேசுகிற வயது என்றால் மட்டும் எஃப்.பி.சி. ஒன்று எடுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

“பாஸ்டிங் எண்டா எத்தின மணித்தியாலம்? தண்ணி, வெத்திலை பரவாயில்லையா?”

சீனிக்கு 8 மணித்தியாலம். கொலஸ்ட்ரோலும் சேர்ந்திருந்தால் 10 முதல் 12 வரை. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் காலை ஏழு, ஏழரைக்கு இரத்தம் கொடுக்கலாம். நீண்டால் நல்லது என்று பதினாறு மணித்தியாலம் பட்டினி கிடந்து வந்து கதிரையில் சாய்ந்தவர்களையும் கண்டிருக்கிறேன். வேண்டாம்.

வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். நரம்பு இலேசாகப் பிடிபடும். பிளேன்ரீ கூடாது, சீனி போடாவிட்டாலும் கூடாது. வெற்றிலை, சிகரட், சுவிங்கம் எல்லாம் நிறுத்தம். எங்கள் பெரியம்மாக்களுக்கு வெற்றிலை சாப்பாட்டுக் கணக்கில் வராது. “ஒண்டும் திங்கல்ல மகன்” என்று சத்தியம் பண்ணுவார்கள், வாய் சிவந்திருக்கும்.

முதல்நாள் கலியாண வீட்டில் புரியாணி, அல்லது தவறணைப் பக்கம் போய்வந்தது என்றால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். டிரைகிளிசரைட் எகிறிவிடும். நாள் முழுக்க வயலில் வெட்டு வேலை செய்த மறுநாளும் எடுக்காதீர்கள். தசை களைத்திருந்தால் ஈரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.ரி. ஏறும், ஈரல் பழுது என்று வீட்டில் அழுகை தொடங்கும். காய்ச்சல் மாறி ஒரு மாதமாவது போகட்டும்.

“குடிக்கிற குளிசையை அண்டைக்கு விடணுமா?”

பிரஷர் குளிசை, தைரொயிட் குளிசை போன்றவற்றை டொக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சீனிக் குளிசையையும் இன்சுலினையும் மட்டும் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டாம். இரத்தம் கொடுத்து, சாப்பாட்டோடு எடுங்கள். முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் விட்டமின் குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது தைரொயிட் முடிவைப் புரட்டிப் போடும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு வருவது நல்லது.

“நோன்பு காலத்தில எடுத்தா பாஸ்டிங் தானே வந்திடும்?” / “கந்தசஷ்டி விரதத்தோட எடுக்கலாமா?”

காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் முதல் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். நோன்பில் தண்ணீரும் இல்லை. பின்னேரம் எடுத்தால் உடம்பு வரண்டிருக்கும். யூரியாவும் ஹீமோகுளோபினும் இருப்பதை விடக் கூடவாகக் காட்டலாம். சஹருக்கும் இஃப்தாருக்கும் சாப்பிடும் நேரமே மாறியிருப்பதால் சீனியும் வழமையான உங்கள் சீனியாக இருக்காது. அவசரம் இல்லாத பரிசோதனை என்றால் பெருநாள் முடிந்து இரண்டு கிழமை கழித்து எடுங்கள். நோன்பு முறியுமா என்பதை மௌலவியிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். நீண்ட பட்டினியில் சலத்தில் கீட்டோன் வரும், சிலருக்குப் பிலிருபினும் கொஞ்சம் ஏறும். மஞ்சட்காமாலை என்று பயந்து ஓடி வருவார்கள். சூரன்போர் முடியட்டும்.

“எந்த லேப் நல்ல லேப் எண்டு எப்படிப் பிடிக்கிறது?”

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்கும். அதில் நடப்பு வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 15189 என்பது அதற்கு மேல் ஒரு படி, ஆய்வுகூடத்தின் தரத்துக்கென்றே உள்ள அங்கீகாரம். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த அங்கீகாரம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. லேப்பின் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் இருப்பதால் உங்கள் பேக்கேஜில் உள்ள எல்லாமே அதற்குள் அடங்கும் என்று அர்த்தமில்லை.

இதெல்லாம் பார்க்க ஏலாவிட்டால் மூன்று விசயம் கவனியுங்கள். உங்கள் பெயரைக் கேட்டு, உங்கள் கண்முன்னே குழாயில் ஒட்டுகிறார்களா? புதிய ஊசியை உங்களுக்கு முன்னால் உடைக்கிறார்களா? ரிப்போர்ட்டில் எம்.எல்.ரி.யின் கையொப்பமும் பதிவு இலக்கமும் இருக்கிறதா? எனக்கே ஒரு தடவை, ஓய்வு பெற்ற பிறகு, வேறொருவரின் ரிப்போர்ட் என் பெயரில் வந்தது. கர்ப்பம் இல்லை என்று போட்டிருந்தார்கள், அதனால் கண்டுபிடித்தேன்.

“இரத்தம் எடுக்கிறது இஞ்ச, பார்க்கிறது கொழும்பில. வழியில பழுதாகாதா?”

நல்ல கேள்வி. பழுதாகலாம், பழுதாகாமலும் கொண்டு போகலாம். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். சாதாரணக் குழாயில் இரத்தத்தை அப்படியே வைத்தால், உள்ளே இருக்கும் செல்களே சீனியைத் தின்னும். அறை வெப்பத்திலேயே மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். இருக்கும் சீனியை இல்லை என்று காட்டிவிடும். இதற்குத்தான் சாம்பல் மூடிக் குழாய். அதில் உள்ள ஃப்ளோரைட் இதைத் தடுக்கும். சீனிக்கு எந்த மூடிக் குழாயில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

பொட்டாசியம் இதற்கு எதிர். செல் உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டி, அளவு பொய்யாக ஏறும். இரத்தத்தைச் சுழற்றி சீரத்தைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. “நீங்கள் சென்ரிஃபியூஜ் பண்ணித்தான் அனுப்புவீர்களா? வாகனம் எத்தனை மணிக்குப் போகும்?” என்று கேளுங்கள். ஒழுங்கான சேகரிப்பு நிலையத்தில் உடனே பதில் வரும். முழித்தால், சீனி, எஃப்.பி.சி., சலம் மூன்றையும் ஊரிலேயே மெஷின் வைத்திருக்கும் இடத்தில் எடுத்துவிடுங்கள். எச்.பி.ஏ.1சி., தைரொயிட் போன்றவை பயணத்தைத் தாங்கும்.

“வீட்டுக்கு வந்து எடுக்கிறாங்களே, அது?”

நடக்க ஏலாத முதியவர்களுக்கு உதவிதான். மேலே சொன்ன குழாய், குளிர்ப்பெட்டிக் கேள்விகள் அங்கேயும் பொருந்தும். மோட்டார்சைக்கிள் பெட்டியில் உங்கள் இரத்தம் எத்தனை வீடு சுற்றும் என்பதையும் கேளுங்கள்.

“கனடாவில இருக்கிற மகள் எங்க ரெண்டு பேருக்கும் சீனியர் பேக்கேஜ் கட்டியிருக்கா. போகாட்டி கோவிப்பா. மறுகா ரிப்போர்ட்டை என்ன செய்யிறது?”

இந்த அம்மா கடைசியில் கேட்டதைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். காசு கட்டும் முன்பே தீர்மானியுங்கள்: இந்த ரிப்போர்ட்டை யார் வாசிக்கப் போகிறார்? சில பேக்கேஜில் டொக்டர் பார்ப்பதும் அடங்கும். “டொக்டர் பார்ப்பார்” என்றால் உங்களை இருத்திப் பேசுவாரா, ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் போடுவாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சனல் பண்ணும் காசையும் பேக்கேஜ் விலையோடு கூட்டுங்கள். ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறவர்கள் அங்கேயே கொண்டுபோய்க் காட்டலாம். கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். 70 வயது ஆட்களுக்கு இரத்தத்தை விட அவசரமானவை கண் பரிசோதனை, காது, பல், குடிக்கும் குளிசைகளை ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பது. அந்தக் காசை அதற்கு மாற்றினால் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

“லண்டன் மச்சானுக்குச் சீனி 5.8தான். எனக்கு 105! எனக்கு ஏன் இவ்வளவு கூட?”

இரண்டும் ஒன்றுதான். அங்கே மில்லிமோல் கணக்கு, இங்கே பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு. சீனியென்றால் 18ஆல் பெருக்குங்கள்: 5.8 என்பது 104. கொலஸ்ட்ரோலுக்கு 38.7ஆல் பெருக்க வேண்டும். எச்.பி.ஏ.1சி.யும் அங்கே வேறு கணக்கு. அவர்களின் 48 எங்களின் 6.5 சதவீதம்.

ஆனால் மச்சான்மார் இருவரும் சந்தோசப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே நல்லது, 126உம் அதற்கு மேலும் சீனி வருத்தம், இடையில் இருப்பது வாசற்படி. இருவரும் வாசற்படியில் நிற்கிறீர்கள்.

“பாஸ்டிங் சீனி 98, எச்.பி.ஏ.1சி. 6.3. எது உண்மை?”

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வெறும் வயிற்றுச் சீனி அன்று காலைக் கதை. எச்.பி.ஏ.1சி. கடந்த இரண்டு மூன்று மாதக் கதை. இரவு மட்டும் சோறு குறைத்து, காலையில் நல்லபிள்ளையாக வந்து கையை நீட்டுபவர்களை எச்.பி.ஏ.1சி. காட்டிக்கொடுத்துவிடும். 5.7 முதல் 6.4 வரை வாசற்படி, 6.5 என்றால் உள்ளே.

எச்.பி.ஏ.1சி.யும் சில நேரம் பொய் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச் சோகை இருந்தால் பொய்யாகக் கூடும். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால், ஹீமோகுளோபின் வகையிலேயே கோளாறு இருந்தால், நம்ப முடியாது. அதனால்தான் எஃப்.பி.சி.யையும் பட்டியலில் சேர்த்தேன். சந்தேகம் தீராவிட்டால் குளுக்கோஸ் 75 கிராம் கரைத்துக் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு டொக்டர் அனுப்புவார். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து நீங்களாகவே சீனிக்காரராகிவிடாதீர்கள்.

“எனக்குச் சீனி ஏற்கெனவே இருக்கு. இந்தப் பேக்கேஜ் எடுக்கவா?”

பொதுப் பேக்கேஜ் உங்களுக்கில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு எச்.பி.ஏ.1சி., வருடத்துக்கு ஒரு தடவை கிரியேற்றினின், சலத்தில் மைக்ரோஅல்பியுமின், கொலஸ்ட்ரோல். சாதாரணச் சலப் பரிசோதனையில் புரதம் இல்லை என்று வந்தாலும் மைக்ரோஅல்பியுமின் முன்கூட்டியே காட்டிவிடும். பேக்கேஜில் அது அநேகமாக இருக்காது. கண்ணையும் காலையும் வருடாவருடம் காட்டுங்கள்.

“ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டிருக்கு. நித்திரையே இல்ல.”

ரிப்போர்ட்டின் வலப்பக்கத்தில் இருக்கும் எல்லை எப்படி வருகிறது என்று சொல்கிறேன். சுகமான ஆட்கள் பலரை அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை எல்லையாக வைக்கிறார்கள். அதாவது சுகமான நூறு பேரில் ஐந்து பேருக்கு எல்லை தாண்டித்தான் இருக்கும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது பரிசோதனை எடுத்தால், நல்ல சுகமான ஆளுக்கே ஒன்றாவது எல்லை தாண்டும் வாய்ப்பு 64 சதவீதம். 72 வரி பேக்கேஜ் எடுத்தவருக்கு அம்புக்குறியே வராவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

கொஞ்சம் தாண்டியதா, மடங்காகத் தாண்டியதா என்று பாருங்கள். எஸ்.ஜி.பி.ரி. எல்லை 40, உங்களுக்கு 44 என்றால் பிறகு காட்டலாம். 240 என்றால் அன்றே காட்டுங்கள்.

“கிரியேற்றினின் 1.2. நோர்மல் எண்டு போட்டிருக்கு. டொக்டர் ஏன் முகத்தைச் சுளிச்சார்?”

முன் கேள்வியின் மறுபக்கம் இது: அம்புக்குறி இல்லாததால் எல்லாம் சரி என்றும் இல்லை. கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. 25 வயது இளைஞனுக்கு 1.2 என்றால் கிட்னி ஏறக்குறைய 86 என்ற வேகத்தில் வடிகட்டுகிறது, பிழையில்லை. மெலிந்த 70 வயது அம்மாவுக்கு அதே 1.2 வந்தால் வேகம் 49 அளவில்தான். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாட்பட்ட கிட்னி வருத்தம். இந்த வேகத்துக்குப் பெயர் ஈ.ஜி.எஃப்.ஆர். ரிப்போர்ட்டில் அதையும் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால் கணக்குப் போடலாம், வேறு இரத்தம் தேவையில்லை.

“கொஞ்சம் காசு கூடக் கட்டினா கென்சர் மார்க்கரும் பார்க்கலாமாம். பார்க்கவா?”

வேண்டாம். சி.ஏ.125, சி.ஈ.ஏ. போன்றவை, புற்று இருப்பது தெரிந்தவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்குப் பயன்படுபவை. சுகமான ஆளிடம் புற்றைத் தேடுவதற்கு உதவாது. சி.ஏ.125 மாதவிடாயிலும் ஏறும், கர்ப்பத்திலும் ஏறும். சி.ஈ.ஏ. சிகரட் குடிப்பவர்களுக்கு ஏறும். ஏறினால் ஸ்கேன், அதன்பிறகு இன்னொரு ஸ்கேன், கொழும்புப் பயணம், கடைசியில் ஒன்றுமில்லை. ஏறாவிட்டாலும் புற்று இல்லை என்று ஆகாது.

ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பிக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. கொஞ்சம் வேறு. 55 முதல் 69 வயது வரையான ஆண்கள் நன்மை, தீமை இரண்டையும் டொக்டரிடம் பேசிவிட்டு எடுக்கலாம். சலக்கடுப்பு இருக்கும்போதும், நீண்ட தூரம் சைக்கிள் மிதித்த மறுநாளும் எடுக்காதீர்கள், பொய்யாக ஏறும்.

எங்கள் ஊரில் நான் பயப்படும் புற்று எந்தக் குழாயிலும் பிடிபடாது. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காண்பது வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் தழும்பு, மாறாத புண், வாய் திறக்க இறுக்கம் இருந்தால் ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் போய் வாயைத் திறந்து காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை, இலவசம்.

“விட்டமின் டி, யூரிக் அசிட், தைரொயிட், வாதத்துக்கு ஆர்.ஏ. எல்லாம் போட்டிருக்கு. பிரயோசனமா?”

தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச். ஒன்று போதும். களைப்பு, எடை மாற்றம், மாதவிடாய்க் குழப்பம், வீட்டில் யாருக்காவது தைரொயிட் இருப்பது போன்ற காரணம் இருந்தால் எடுங்கள். மற்றவை பேக்கேஜைக் கொழுக்க வைக்கும் சாமான். மூட்டு வீக்கம் இல்லாத ஆளுக்கு ஆர்.ஏ. பொசிற்றிவ் வந்தால் அது மனவருத்தம் மட்டும்தான் தரும்.

“கட்டாருக்குப் போக மெடிக்கல் எடுத்துப் பாஸ். அது போதும்தானே?”

போதாது. அந்த மெடிக்கல் உங்களுக்காக எடுத்ததல்ல, உங்களை வேலைக்கு எடுப்பவருக்காக எடுத்தது. காசநோய், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி போன்ற தொற்றுகளைத்தான் அங்கே முக்கியமாகத் தேடுவார்கள். அதில் பாஸ் பண்ணியவரின் கொலஸ்ட்ரோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. லீவில் வரும்போது சின்னப் பட்டியலை எடுத்துவிட்டுப் போங்கள்.

“ஹீமோகுளோபின் பரவாயில்லை, எம்.சி.வி. 66. இரும்புக் குளிசை ஆறு மாசம் குடிச்சும் ஏறல்ல.”

எம்.சி.வி. என்பது செங்குழியத்தின் சராசரிப் பருமன், சாதாரணமாக 80க்கு மேல் இருக்கும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் இறங்கும், தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் கடத்தியாக இருந்தாலும் இறங்கும். எஃப்.பி.சி.யிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும்: செங்குழிய எண்ணிக்கை குறையாமல், கூடவாகவும் இருந்து, ஒவ்வொரு குழியமும் சின்னதாக இருந்தால் தலசீமியாப் பக்கம் யோசிக்க வேண்டும். எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை மிச்சத்தைச் சொல்லும். கடத்தியாக இருப்பது வருத்தமே இல்லை. இரும்பு தேவையில்லாமல் குடிப்பதுதான் வீண்.

26 வயதுக்காரருக்கு மேலே சொல்லாமல் விட்டது இதுதான். கடத்தியான இருவர் கலியாணம் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா வருவதற்கு. மச்சான், மச்சாள் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. குறிப்புப் பொருத்தம் பார்க்கும் முன் இரண்டு பேரின் எஃப்.பி.சி.யையும் ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். ஒருவருக்கு எம்.சி.வி. சரியாக இருந்தாலே பெரும்பாலும் பயம் தீர்ந்துவிடும்.

“ரெண்டு லேப்பில ரெண்டு மாதிரிக் கொலஸ்ட்ரோல். யார் கள்ளன்?”

அநேகமாக யாரும் இல்லை. ஒரே ஆளின் கொலஸ்ட்ரோலே நாளுக்கு நாள் 5 முதல் 10 சதவீதம் ஏறி இறங்கும். 205, 218 என்று வந்தால் இரண்டும் ஒரே சேதி. எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் பெரிதாக வேறுபட்டால் டிரைகிளிசரைட்டைப் பாருங்கள். பல இடங்களில் எல்.டி.எல்.லையும் கழித்துத்தான் எடுக்கிறார்கள், வி.எல்.டி.எல். கதை போல. டிரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். வருடாவருடம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்தால் இந்தச் சண்டை வராது.

“எல்லாம் நோர்மல் எண்டு வந்திட்டு. இனி எத்தின வருசத்துக்குப் பயமில்ல?”

ரிப்போர்ட்டுக்குக் கரன்டி கார்ட் இல்லை. எல்லாம் சரியாக இருந்து வீட்டிலும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றால், சின்னப் பட்டியலை மூன்று வருடத்துக்குள் ஒரு தடவை பார்த்தால் போதும். வாசற்படியில் நிற்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லிக் கழிவு அட்டை தந்தால் அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஒருவர், நெஞ்சு இறுக்கிக்கொண்டு வியர்த்து ஒழுகும்போதும், “போன கிழமை எடுத்த ரிப்போர்ட் நோர்மல், இது வாய்வு” என்று இஞ்சி இடிக்கச் சொல்லிக்கொண்டு இருந்தார். ரிப்போர்ட் உண்மையில் நோர்மல்தான், நானே பார்த்துச் சொன்னது. அப்படி ஒரு நோவு வந்தால் பேப்பரைத் தேட வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.